நடைமன்னன் சூரணம்

அத்தை, அந்த டப்பாவை முந்தானைக்குள் மறைக்காதீங்க. நான் பார்த்தாச்சு. பச்சை மூடி, மூடிக்குக் கீழே ஒரு சிங்கம், சிங்கத்துக்குக் கீழே ‘நடைமன்னன் சூரணம்’. அந்தச் சிங்கத்தை நல்லாப் பார்த்தீங்களா? நாலு காலும் நாலு அளவு. அதுக்கே நடக்க வராது. அது ஊரை நடக்க வைக்கப் போகுதாம். ச்சீ.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க வீட்டிலும் முதலில் சிரிப்புதான் வந்தது.

டோக்கன் வர இன்னும் நேரம் இருக்கு. உள்ளே போனதும் டாக்டரம்மா என்ன செய்வாங்க தெரியுமா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே கேட்பாங்க. “வேற ஏதாவது சாப்பிடுறாரா? பொடி, லேகியம், கஷாயம்? என்ன?” நீங்க உடனே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஐயய்யோ, ஒண்ணுமே இல்லம்மா” என்பீங்க. எங்க அம்மா அப்படித்தான் சொன்னாள். இதே பெஞ்சில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள்.

ஆமா, அப்படியே டாக்டரம்மா குரல்தான். எனக்கு எல்லார் குரலும் வரும். என் பேர் இசக்கிப்பிரியா, ப்ளஸ் ஒன். போன வருஷம் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஸ்கூல் மைக்கில், “மாணவிகளே, மழை காரணமாக மதியம் விடுமுறை” என்று சொன்னேன். வெளியே சுள்ளென்று வெயில். ஒருத்தியும் வானத்தைப் பார்க்கவில்லையே! இருநூறு சைக்கிள் கேட்டைத் தாண்டின பிறகுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே வந்தாங்க. மூணு நாள் சஸ்பெண்ட். அந்த மூணு நாளும் அவங்க குரலிலேயே அம்மாவிடம் காப்பி கேட்டேன்.

இந்த வித்தை அப்பாவிடம் இருந்து வந்தது. அதோ, ஃபேனுக்கு நேர் கீழே, பச்சைக் கட்டம் போட்ட சட்டை, மடியில் மஞ்சள் பை. அவர்தான் ஆறுமுகநயினார். எங்க ஊர் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பில் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற வேலை. ஒரு பேரை மூணு தடவை கூப்பிடணும். மூணாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் பிடிவாரண்ட். அதனால் அப்பா மூணையும் ஒரே மாதிரி கூப்பிட மாட்டார். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டி. மூணாவது தடவை, பாவம் எங்கேயாவது டீக்குடிக்கப் போயிருப்பான், அவன் காதிலும் விழட்டும் என்று அடிவயிற்றிலிருந்து. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன்கூட, நம்ம பேரோ என்று திரும்பிப் பார்ப்பான்.

ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து, கோர்ட்டு மதிலுக்குப் பின்னால் நின்று, அப்பா குரலில் ஒரு வக்கீல் குமாஸ்தா பேரைக் கூப்பிட்டேன். வாயில் பாதி வடையோடு ஓடி வந்தார். அப்பா நிஜமாகவே வாசலில் நிற்கிறார், ஒண்ணும் புரியாமல். அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடும்போது அப்பா சிரித்த சிரிப்பு இருக்கே, புரை ஏறி அம்மா தலையில் தட்டினாள். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு வந்த தீபாவளியிலிருந்து மூணாவது கூப்பாடும் முதல் கூப்பாடு மாதிரியே ஆனது. கையெழுத்து எறும்பு மாதிரி ஆனது. நடக்கும்போது இடது கை வீசாது, சட்டைக்குள் சும்மா தொங்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தக் கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டும். எங்க அம்மா பீடி சுற்றுகிறவள். “ஏட்டி, உங்க அப்பா இலையும் இல்லாம தூளும் இல்லாம பீடி சுத்துதாரு, எனக்குப் போட்டியா” என்று அவளே சிரித்தாள்.

எனக்குச் சொல்லணுமா? பத்தே நாளில் அந்த நடையைப் பிடித்துவிட்டேன். பெரியம்மா மகள் சடங்கு வீட்டில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போடுகிற நேரம், அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து காட்டினேன். முன்னால் கொஞ்சம் குனிந்து, காலைத் தூக்காமல் சரக், சரக், சரக். மண்டபமே உருண்டது. “ஒன்ஸ் மோர்” என்று கேட்டார்கள். மறுபடி நடந்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மூஞ்சி அப்படியே சுவர் மாதிரி இருந்தது. கோபம் போல என்று நினைத்தேன். இரண்டு நாள் நானும் பேசவில்லை. பிறகு டாக்டரம்மா சொன்னாங்க, இந்த வியாதியில் மூஞ்சித் தசை அசையாதாம். உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாதாம். அன்றைக்கு அவர் சிரித்தாரா, இல்லையா? போகட்டும்.

அந்த மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள் அத்தை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்த மனுஷன் ஏன் இப்படி நடக்கிறார் என்று கேட்கவில்லை. வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார்கள். த்தூ.

பிறகு கோர்ட்டில் ஒரு நாள் ஒரு பாட்டுக்காரர், சின்ன அடிதடி கேஸ், வாசலில் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அப்பா மூணு தடவை கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. வாரண்ட் போட்டுவிட்டார்கள். அந்த ஆள் அங்கேயே நின்றுகொண்டு, “நான் இங்கதான நிக்கேன்” என்று அழுதாராம். அப்பா அன்றைக்குத்தான் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார்.

இங்கே பார்க்கின்சன் என்றாங்க. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாங்க. “மூளையில டோபமைன்னு ஒண்ணு ஊறணும். இவருக்கு அது வத்திக்கிட்டு வருது. மாத்திரை, வத்தினதை ஈடு கட்டும். வத்துறதை நிறுத்தாது. அதனால குணமாச்சுன்னும் நினைக்காதீங்க, பயந்தும் போகாதீங்க. நேரத்துக்குப் போடணும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால. பால், முட்டை, பருப்போட சேர்த்துக் கொடுத்தா மருந்து சரியா ஏறாது. என்ன?”

எங்க அம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, “வெறும் வயித்துல மாத்திரையாமுல்லா, கொடல் என்னத்துக்காகும்” என்று தினமும் ஒரு டம்ளர் பாலும் இரண்டு அவித்த முட்டையும் கொடுத்துவிட்டு அதன் மேல் மாத்திரையைக் கொடுத்தாள். மாத்திரை எப்படி வேலை செய்யும்? இரண்டு மாசத்தில் தீர்ப்பு எழுதிவிட்டாள். இங்கிலீஷ் மருந்து கேட்காது.

அப்புறம் வந்ததே ஒரு படை! பெரியப்பா ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்தார். மீன் கழுவின தண்ணீரில் பழைய செருப்பை ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். “எதில எடுத்தது பெரியப்பா?” என்றால், “கேட்டா பலிக்காது” என்கிறார். அதை முதுகில் தேய்த்துவிட்டு அப்பாவை வெயிலில் உட்கார வைத்தார்கள். ஈ மொய்த்தது. அப்பாவால் ஓட்ட முடியவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து அதிலும் ஈ. வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று, இது வாதமா, பித்தமா, செய்வினையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குமட்டியது. எதைப் பார்த்து என்று கேட்காதீங்க. அப்பாவைப் பார்த்து இல்லை.

கடைசியில் சொரிமுத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இந்த நடைமன்னனுக்கு மூணு தாலுகாவுக்கு அவர்தான் ஏஜென்ட். அவர் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண வீட்டில் ரசம் ஊற்றுகிறவர் மாதிரி இருக்கும், வேண்டாம் என்று கையை வைத்தாலும் கை மேலேயே ஊற்றிவிட்டுப் போவார். “அத்தான், இது பூனைக்காலி. நம்ம மலையில விளையுது. கெமிக்கலே கிடையாது. நரம்புக்குள்ள போயி ஒவ்வொரு நரம்பா எழுப்பும். எந்திரிடா, எந்திரிடான்னு!”

பனங்கற்கண்டு போட்டு, பாலில் கலக்கி, மாத்திரையோடு சேர்த்து இதையும் கொடுத்தாள் அம்மா. மாத்திரையை நிறுத்தவில்லை. “ரெண்டும் இருக்கட்டும், எது கேக்குதோ கேக்கட்டும்” என்றாள். டாக்டரிடம் சொல்லவில்லை. மாமாவிடம் மாத்திரையைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தாள்.

உண்மையைச் சொல்லணும். பத்து நாள் அப்பா எழுந்துவிட்டார். சட்டைப் பொத்தானை அவரே போட்டார். மூணாவது கூப்பாடு திரும்ப மூணாவது கூப்பாடாக வந்தது. அம்மா இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். மாமா டப்பாவோடு தெருத் தெருவாகப் போனார்.

அதற்கப்புறம் தோள் ஆட ஆரம்பித்தது. பிறகு கழுத்து. பிறகு காலும் இடுப்பும். நடுக்கம் இல்லை அத்தை, அது வேறே. யாரோ உள்ளே இருந்து கயிற்றை இழுக்கிற மாதிரி, உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருந்தார். வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றல். ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியைப் பார்த்து, “வாய்தாவுக்கு ஆள் வந்து நிக்காங்க, உள்ள விடு” என்கிறார். அங்கே யாரும் இல்லை, கிரைண்டர்தான் நின்றது. மாமா என்ன சொன்னார்? “மருந்து நரம்பை எழுப்புதுக்கா. எந்திரிக்கிற நரம்பு ஆடத்தான செய்யும்?”

அந்த ஆட்டத்தோடு கோர்ட்டுக்குப் போனார். ஒரு பேர் கூப்பிட்டார். தோள் ஒரு பக்கம் போகுது, கழுத்து ஒரு பக்கம் போகுது. வக்கீல்கள் சிரித்தார்கள். பாரா நின்ற போலீஸ்காரர் பக்கத்தில் வந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் ஊதுங்க” என்றார். இருபத்தெட்டு வருஷம் அந்த வாசலில் நின்றவர். கள்ளுக்கடைப் பக்கம் போகாதவர். எத்தனையோ குடிகாரன் பேரைக் கூப்பிட்டவர். அவரை ஊதச் சொன்னான். அவர் ஊதினார். அந்தப் போலீஸ்காரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “சாராயம் இல்ல, வேற என்னமோ வேர் நாத்தம்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். அவன் குரலும் எனக்கு வரும். ஆனால் அதைச் செய்து காட்ட மாட்டேன். வாய் நாறும்.

அன்றைக்கே இங்கே தூக்கி வந்தோம். டாக்டரம்மா, “வேற ஏதாவது சாப்பிடுறாரா?” அம்மா, “ஒண்ணுமே இல்லம்மா.” மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார், கூரையைப் பார்த்துக்கொண்டு. நான் மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அப்போது அப்பா வாய் அசைந்தது. காற்று மாதிரி, “பூனைக்காலி” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருக்காங்க. கொஞ்சம் நீட்டி, “பூனைக்காலி.” பேனா நிற்கவில்லை. மூணாவது தடவை, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து எழுப்பிச் சொன்னார். அப்போதும் அது ஒரு சாதாரண மனுஷன் பேசுகிற சத்தம்தான். ஆனால் கேட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். “பூனைக்காலி பொய் இல்லம்மா. அந்த விதையில இருக்கிறதும் இந்த மாத்திரையில இருக்கிற அதே சரக்குதான். மாத்திரையில எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும். டப்பாவில எவ்வளவு இருக்குன்னு அதை அடைச்சவனுக்கே தெரியாது. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கீங்க. ஒரு வண்டிக்கு ரெண்டு பேர் ஆக்சிலேட்டரை மிதிச்சா என்ன ஆகும்? படிச்ச சித்த டாக்டர்கிட்ட போங்க, வேண்டாங்கலை. அவரும் முதல்ல இதைத்தான் கேப்பாரு, வேற என்ன சாப்பிடுறாருன்னு. அங்கயும் மறைக்காதீங்க. என்ன?”

பொடியை நிறுத்தினோம். மாத்திரையை நேரத்துக்கு, முட்டைக்கு முன்னால் கொடுத்தோம். இப்போது நெளிவு இல்லை. கோர்ட்டில் ரிக்கார்டு ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேர் கூப்பிடுவது வேறே ஆள்.

என்ன சொன்னீங்க? “அப்ப வீடியோல ஒருத்தரு இதைச் சாப்பிட்டு நல்லா நடந்தாரே”ன்னா?

ஆமா, வீடியோ. நீங்களும் அதைப் பார்த்துத்தான் வாங்கினீங்களா. ‘மாத்திரையை விட்டார், மன்னனாய் எழுந்தார்’, அந்த வீடியோதானே? நடுவில் சிரிக்காமல் கும்பிடுகிறாரே, அந்த மூஞ்சியையும் ஃபேனுக்குக் கீழே இருக்கிற மூஞ்சியையும் பாருங்க. பார்த்தாச்சா? அவரேதான். மாத்திரையை விடவே இல்லை, விட்டார் என்று மாமாவாகப் போட்டுக்கொண்டது. இப்போதும் மாத்திரைச் சீட்டோடு வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வீடியோ ஆரம்பத்தில், ‘மருந்துக்கு முன்னால்’ என்று போட்டு நடந்தது நிஜம்தானே என்கிறீங்களா? காலைத் தேய்த்துக்கொண்டு, கை உருட்டிக்கொண்டு, வாசப்படியில் கால் ஒட்டின மாதிரி அப்படியே நின்றது. அதைப் பார்த்து அழுதீங்களா. “எங்க வீட்டுக்காரரு அப்படியே நிப்பாரு”ன்னு.

அத்தை, கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க. அந்தத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். என் முதுகை மட்டும் பாருங்க.

...

பார்த்தீங்களா? வீடியோவில் நடந்தது இதே முதுகுதானா?

அப்பா நல்லா நடந்ததை அந்தப் பத்து நாளில் மாமா எடுத்திருந்தார், மருந்துக்கு முந்தின நடையை எடுத்து வைக்கவில்லை. வீடியோ போடணும் என்று வந்தபோது அப்பா நெளிய ஆரம்பித்துவிட்டார். “ஏட்டி, நீதான் அத்தான் நடையை நல்லா நடப்பியே. சடங்கு வீட்டுல நடந்தேல்லா, அப்படி நட” என்றார். அப்பா சட்டை, அப்பா வேட்டி, சடையை மறைக்கத் தலையில் துண்டு. பின்னால் இருந்து எடுத்தார். ஒரே டேக். வாசப்படியில் நின்றேனே, அது அப்பாவிடம் கிடையாது. அது என் சொந்தச் சரக்கு. கொஞ்சம் சேர்த்தால் நல்லா இருக்கும் என்று பட்டது. மாமா கைதட்டினார். எனக்குக் கைதட்டினால் போதும்.

நான் நடந்தேன், அவ்வளவுதான். விற்றது மாமா. கலக்கினது அம்மா. சிரித்தது ஊர். நான் என்ன செய்தேன்? நடந்தேன்.

போன மாசத்திலிருந்து அப்பாவும் வாசப்படியில் அப்படி நிற்கிறார். அதே மாதிரி. அதே கால். வியாதி கூடினால் வருமாம் அது. டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குத்தான் வேறே மாதிரித் தோணுது.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? “நடை யாரு வேணும்னாலும் நடக்கலாம், கடைசியில கணீர்னு பேரு கூப்பிட்டாரே, அது பொய்யா”ன்னா? சரி. அதை விடுங்க. உங்க வீட்டு ஐயா மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள்? ஆறா! ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலையா? திடீரென்று நிறுத்தவே கூடாது அத்தை, டாக்டரம்மா எங்களிடம் முதல் நாளே சொன்னது அது. உங்க பக்கத்தில் அவர் ஏன் இப்படி மரக்கட்டை மாதிரி சாய்ந்திருக்கார்? தூங்குகிறாரா? காலையிலிருந்து உடம்பு சுடுதா? இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை! நான் பாட்டுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கதை சொல்லிக்கொண்டு... கையைக் கொடுங்க. ஐயோ, கொதிக்குதே.

சிஸ்டர்! சிஸ்டர்! இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். அவர் பேர் என்ன? பலவேசமா?

பலவேசம்!

பலவே...சம்!

பல...வே...சம்...!

வாறாங்க. ஸ்ட்ரெச்சர் வருது, நகருங்க எல்லாரும். ஆமா அத்தை, இந்தக் குரல்தான். வீடியோ கடைசியில் வந்த குரல். அப்பா அன்றைக்கு வாயை மட்டும் அசைத்தார். நடந்ததும் நான், கூப்பிட்டதும் நான்.

அப்பாவைப் பாருங்க, எழுந்து நிற்கிறார். கையை விரித்து வழி விடச் சொல்கிறார். மூணாவது கூப்பாடு கேட்டால் அவருக்கு உட்கார வராது. அவர் மூஞ்சியில் ஒண்ணும் தேடாதீங்க, தெரியாது. நான் தேடிப் பார்த்தாச்சு.

போங்க, கூடவே போங்க. டப்பா எங்கே? முந்தானைக்குள் இல்லை அத்தை, கையில். மூடி தெரிகிற மாதிரிப் பிடிங்க. அவங்க கேட்கிறதுக்கு முன்னால் நீங்களே சொல்லிருங்க.